முதலாளிகளுக்கு இன்ஷூரன்ஸ் பாடம் எடுத்த காஃப்கா: 14 வருட ஆபீஸ் வாழ்க்கையின் கதை

1910ஆம் ஆண்டின் இலையுதிர் காலம். இன்றைய செக் குடியரசின் வடக்கு எல்லையை ஒட்டி இருக்கும் கேப்லான்ஸ் நகரம். கண்ணாடி மணி, கவரிங் நகை தயாரிப்புக்குப் பேர்போன ஊர். அந்த வட்டாரத்துத் தொழில் முதலாளிகள் ஒரு கூட்டத்தில் கூடியிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே மனக்குறை. தங்கள் பட்டறைகளையும் மில்களையும் காப்பீட்டு நிறுவனம் தப்பான ஆபத்து வகுப்பில் சேர்த்துவிட்டது, அதனால் பிரீமியம் கையைக் கடிக்கிறது என்பதுதான் அது.

விளக்கம் சொல்ல, தலைநகர் பிராக்கில் இருந்து 27 வயது அதிகாரி ஒருவர் வந்திருந்தார். உயரம், ஒல்லி, சட்டத்தில் டாக்டர் பட்டம். பெயர், ஃபிரான்ஸ் காஃப்கா.

ஆமாம், அதே காஃப்காதான். ஒருநாள் காலையில் கண் விழிக்கும் சேல்ஸ்மேன் பூச்சியாக மாறிக் கிடக்கும் 'உருமாற்றம்' கதையை எழுதியவர். என்ன குற்றம் என்றே தெரியாமல் ஒருவன் வழக்கில் சிக்கி அலையும் 'விசாரணை' நாவலை எழுதியவர். ஆபீஸ், ஃபைல், அதிகாரி என்றாலே வரும் அந்த இனம்புரியாத பயத்துக்கு உலகமே இவர் பெயரைத்தான் வைத்திருக்கிறது. ஆனா, அந்த ஃபைல்களின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் இவர்தான். அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. தொழில் நடத்துபவர்கள், ஸ்டார்ட்அப்பில் பத்துப் பேரை வேலைக்கு வைத்திருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

ஃபேன்சி கடைக்காரர் மகன்

காஃப்கா பிறந்தது 1883 ஜூலை 3, பிராக் நகரில். அப்போது அது ஆஸ்திரியா-ஹங்கேரி பேரரசின் கீழ் இருந்த போஹிமியாவின் தலைநகர். அப்பா ஹெர்மன் காஃப்கா, ஃபேன்சி பொருட்கள் விற்கும் மொத்த வியாபாரி. கிராமத்து வறுமையில் இருந்து மேலே வந்த மனிதர். அம்மா ஜூலியும் கடையே கதி என்று இருந்தவர். ஃபிரான்ஸ் மூத்த பிள்ளை. அடுத்துப் பிறந்த இரண்டு தம்பிகளும் குழந்தையாகவே இறந்துபோனார்கள். பிறகு மூன்று தங்கைகள்.

ஒரு முதலாளி எப்படி இருப்பார் என்பதை காஃப்கா முதலில் பார்த்தது அந்தக் கடையில்தான். வீட்டில் கத்தும் அப்பா, கடையில் வேலையாட்களிடம் இன்னும் கத்துவார். நுரையீரல் நோய் வந்த ஒரு குமாஸ்தாவை அப்பா எவ்வளவு கேவலமாகப் பேசினார் என்பதை 36 வயதில் அப்பாவுக்கு எழுதிய (ஆனா போய்ச்சேராத) நீண்ட கடிதத்தில் காஃப்கா நினைவுகூர்கிறார். அந்தக் கடையில் தன் மனசு எப்போதும் வேலையாட்கள் பக்கம்தான் இருந்தது என்றும் அதில் சொல்கிறார். 1911 அக்டோபரில் கடை ஊழியர்கள் மொத்தமாக வேலையை விடுவதாக நோட்டீஸ் கொடுத்தபோது, சமாதானம் பேசக் கிளம்பியவர்களில் இவரும் ஒருவர்.

1906ல் சட்டத்தில் டாக்டர் பட்டம். ஒரு வருடம் நீதிமன்றத்தில் சம்பளமில்லாத பயிற்சி. 1907 அக்டோபரில் அசிகுராசியோனி ஜெனராலி என்ற இத்தாலியக் காப்பீட்டு நிறுவனத்தின் பிராக் கிளையில் சேர்ந்தார். காலையில் போனால் சாயங்காலம் வரை ஆபீஸ். எழுத நேரமே இல்லை. ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

1908 ஜூலை 30 அன்று புது வேலை. போஹிமிய ராஜ்ஜியத்தின் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனம், நா போரீச்சி தெரு, பிராக். காலை 8 மணிக்குப் போனால் மதியம் 2 மணிக்கு வேலை முடிந்துவிடும். இதற்காகத்தான் அவர் அந்த வேலையைப் பிடித்தார். யூதர்களை அனேகமாக வேலைக்கே எடுக்காத இடம் அது. பள்ளித் தோழனின் அப்பா அங்கே தலைவராக இருந்ததால் கதவு திறந்தது. சிபாரிசு இல்லாமல் அன்றைக்கும் எதுவும் நடக்கவில்லை.

அது என்ன விபத்துக் காப்பீடு?

இதைப் புரிந்துகொள்ள, அதற்கு முன்பு என்ன இருந்தது என்று பார்க்கணும். தொழிற்சாலையில் ஒருவருக்குக் கை போய்விட்டது என்று வையுங்கள். இழப்பீடு வேணும்னா, தப்பு முதலாளி மேல்தான் என்று தொழிலாளிதான் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். வக்கீலுக்குப் பணம் எங்கே? சாட்சி சொல்ல வேண்டிய சக தொழிலாளியும் அதே முதலாளியிடம்தான் வேலை பார்க்கிறார். பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. எப்போதாவது ஒருவர் ஜெயித்துவிட்டால், அந்தத் தொகையில் சின்ன முதலாளி ஒருவர் கடையையே மூட வேண்டி வரலாம்.

இதற்கு மாற்றாக ஜெர்மனியில் பிஸ்மார்க் ஆட்சியில் 1884ல் ஒரு சட்டம் வந்தது. அதைப் பின்பற்றி ஆஸ்திரியா 1887 டிசம்பரில் தன் சட்டத்தைக் கொண்டுவந்தது. அடிப்படை ஒரு கொடுக்கல் வாங்கல்தான். யார் தப்பு என்ற கேள்வியே வேண்டாம். வேலையில் அடிபட்டால் பணம் உண்டு. அதற்குப் பதிலாக, முதலாளி மேல் நஷ்டஈடு வழக்கு என்று போவது பெரும்பாலும் கிடையாது. முதலாளிகள் எல்லோரும் சேர்ந்து ஒரு பொது நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். இது விருப்பம் இல்லை, கட்டாயம்.

ஆஸ்திரிய முறையில் பிரீமியத்தில் 90 சதவீதம் முதலாளி பங்கு, 10 சதவீதம் தொழிலாளி பங்கு. முழுதாக வேலை செய்ய முடியாமல் போனவருக்குச் சம்பளத்தில் 60 சதவீதம் பென்ஷன். முதல் நான்கு வாரம் நோய்க்கால நிதி பார்த்துக்கொள்ளும், ஐந்தாவது வாரத்தில் இருந்து விபத்துக் காப்பீடு. நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு முதலாளிகள், ஒரு பங்கு தொழிலாளர்கள், ஒரு பங்கு அரசு நியமித்தவர்கள்.

பிரீமியம் எவ்வளவு? அங்கேதான் காஃப்காவின் வேலை ஆரம்பிக்கிறது.

கணக்கு இரண்டு எண்களில் அடங்கிவிடும். ஒன்று, நீங்கள் கொடுக்கும் மொத்தக் கூலி. இன்னொன்று, உங்கள் தொழிலின் ஆபத்து வகுப்புக்கு உரிய விகிதம். இரண்டையும் பெருக்கினால் பிரீமியம். ஒரே அளவு கூலி கொடுக்கும் இரண்டு பேரில் ஒருவர் துணிக்கடையும் இன்னொருவர் மர அறுவை மில்லும் நடத்தினால், மில்காரர் பல மடங்கு கட்டுவார். ஏனென்றால் அங்கே விரல் போகும் வாய்ப்பு அதிகம். ஒரே வகுப்புக்குள்ளும் நல்ல பாதுகாப்பு ஏற்பாடு இருப்பவருக்குக் கொஞ்சம் குறையும், மோசமாக வைத்திருப்பவருக்கு ஏறும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வகுப்புப் பட்டியலைத் திருத்துவார்கள். 1910ல் அப்படி ஒரு திருத்தம் நடந்தது. அதுதான் கேப்லான்ஸ் முதலாளிகளின் மனக்குறைக்குக் காரணம்.

அப்பீல் மனுக்கள் வந்து குவிந்தன. வட போஹிமியாவின் நான்கு முக்கியத் தொழில் மாவட்டங்கள் காஃப்காவின் பொறுப்பில் இருந்தன: ரைஷன்பெர்க், கேப்லான்ஸ், ஃபிரீட்லாண்ட், ரும்பர்க். பஞ்சாலை, கண்ணாடி, மரவேலை, கல்குவாரி என்று பேரரசின் தொழில் இதயமே அந்தப் பகுதிதான். ஒவ்வொரு மனுவுக்கும் அந்தத் தொழிலின் நெளிவுசுளிவைப் படித்து, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்து, பதில் தயாரிக்க வேண்டும். ரயில் ஏறி நேரிலும் போவார். இந்தப் பயணங்களில் ஒன்றில் வார்ன்ஸ்டார்ஃப் என்ற ஊரில் இயற்கை வைத்தியப் பித்துப் பிடித்த ஒரு ஆலை அதிபரைச் சந்தித்தார். அவர் காஃப்காவைப் பார்த்துவிட்டு, முதுகுத்தண்டில் விஷம் ஏறியிருக்கிறது, ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குங்கள் என்று யோசனை சொல்லி அனுப்பினார். நம் காஃப்கா அதைப் பாதி நம்பவும் செய்தார்!

பொய்க் கணக்கும் பற்றாக்குறையும்

மேலே சொன்ன கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது, கவனித்தீர்களா? மொத்தக் கூலி எவ்வளவு என்று சொல்வது யார்? முதலாளிதான்.

நூறு ரூபாய் கூலி கொடுத்துவிட்டு எழுபது என்று எழுதினால் பிரீமியம் அந்த அளவுக்குக் குறையும். பல பேர் அதைத்தான் செய்தார்கள். அதனால் பிராக் நிறுவனம் வருடக்கணக்காகப் பற்றாக்குறையில் ஓடியது. பற்றாக்குறையை ஈடுகட்ட விகிதத்தை ஏற்றினால், ஒழுங்காகக் கணக்குக் காட்டும் முதலாளி தலையில் அந்தச் சுமை விழும். அவருக்கு வெறுப்பு வரும். அடுத்த வருடம் அவரும் குறைத்துக் காட்டுவார். அப்போ இது தொழிலாளி, முதலாளி சண்டை மட்டும் இல்லை. நேர்மையான முதலாளிக்கும் ஏமாற்றும் முதலாளிக்கும் நடுவில் நடக்கும் சண்டையும்தான்.

இதை காஃப்கா நன்றாகவே புரிந்துவைத்திருந்தார். 1911 நவம்பரில் டெட்ஷன் பகுதியின் உள்ளூர்ப் பத்திரிகையில், தொழிலாளர் விபத்துக் காப்பீடும் முதலாளிகளும் என்ற பொருளில் நிறுவனத்தின் சார்பாக அவர் எழுதியது வெளியானது. இன்றைய மொழியில் சொன்னால், முதலாளிகளுக்கான ஓர் எக்ஸ்ப்ளெய்னர். அதில் நிறுவனம் பழைய நாட்களில் செயலற்றுக் கிடந்ததை அவர் மறைக்கவில்லை. 1909ல் ராபர்ட் மார்ஷ்னர் இயக்குநராக வந்தபிறகு என்ன மாறியிருக்கிறது என்று விளக்கினார். கூலியைக் குறைத்துக் காட்டுவது எப்படி எல்லோரையும் பாதிக்கிறது என்று கணக்கோடு வாதாடினார். மிரட்டல் இல்லை, கெஞ்சலும் இல்லை. ஒரு அரசு அலுவலகம், தன் மேல் இருக்கும் குறையை ஒப்புக்கொண்டு, எதிர்த்தரப்பிடம் நேராகப் பேசியது. இன்றைக்கும் இது அடிக்கடி நடப்பதில்லை.

பேச்சு எடுபடாத இடத்தில் சட்டம். 1913ல் ஒரு கல்குவாரி முதலாளி மேல், கூலியை மறைத்து பிரீமியத்தை ஏமாற்றினார் என்று நிறுவனம் குற்றப் புகார் கொடுத்தது. அந்த மனுவுக்குப் பின்னால் இருந்ததும் காஃப்காவின் பேனாதான். தேதி தேதியாக, ஆதாரம் ஆதாரமாக அடுக்கி எழுதிய மனு அது.

நான்கு மூலைத் தண்டும் ஒரு விரலும்

காஃப்கா ஆபீசுக்காக எழுதியவற்றில் ஒன்றே ஒன்றைப் படிக்கச் சொன்னால், நான் இதைத்தான் சொல்வேன்.

நம் ஊர் தச்சுப் பட்டறைகளில் பிளானர் மெஷின் பார்த்திருப்பீர்கள். மேசை போன்ற இரும்புத் தளத்துக்கு நடுவே ஒரு தண்டு அசுர வேகத்தில் சுற்றும். அதில் கத்திகள் பொருத்தியிருக்கும். மரத்தை மேலே வைத்துக் கையால் தள்ளினால் இழைத்துக் கொடுக்கும். அந்தக் காலத்தில் அந்தத் தண்டு சதுரமாக, நான்கு மூலையோடு இருந்தது. சதுரம் சுற்றும்போது கத்திக்கும் மேசைக்கும் நடுவில் பெரிய இடைவெளி விழும். மரம் லேசாகத் துள்ளினாலோ, கை வழுக்கினாலோ விரல்கள் அந்த இடைவெளிக்குள் போய்விடும். ஒரே நொடியில் பல விரல்களின் கணுக்கள் துண்டாகும்.

மாற்று இருந்தது. உருளையான தண்டு. அதில் கத்திகள் உள்ளடங்கி இருக்கும், இடைவெளி மிகக் குறுகல். கை பட்டாலும் மேலோட்டமான கீறலோடு போய்விடும், விரல் தப்பிக்கும்.

1909ஆம் ஆண்டுக்கான நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் காஃப்கா இதைப் பற்றிப் படங்களோடு எழுதினார். சதுரத் தண்டு எப்படி இருக்கும், உருளைத் தண்டு எப்படி இருக்கும், விரல் எங்கே மாட்டும் என்று பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டினார். அவருடைய வாதத்தின் மையம் இதுதான்: எவ்வளவு ஜாக்கிரதையான, அனுபவசாலியான தொழிலாளியாலும் அந்த மெஷினில் விபத்தைத் தவிர்க்க முடியாது. அப்போ தொழிலாளியின் கவனக்குறைவு என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. மெஷினைத்தான் மாற்ற வேண்டும்.

கதைகளில் எழுதுவதற்கும் இதற்கும் நடையில் பெரிய வித்தியாசம் தெரியாது. உணர்ச்சிவசப்படாத, துல்லியமான, குளிர்ந்த வாக்கியங்கள். படிப்பவருக்குத்தான் வயிற்றைப் பிசையும். 1914 அக்டோபரில் அவர் எழுதிய 'தண்டனைக் குடியிருப்பில்' கதையில் ஒரு கொலை இயந்திரத்தை ஓர் அதிகாரி பாகம் பாகமாக விளக்குவார். அந்த விளக்கத்தைப் படிக்கும்போது எனக்கு இந்த ஆண்டறிக்கை ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

முதலாளிக்கு இதில் என்ன லாபம் என்று கேட்டால், விபத்து குறைந்தால் ஆபத்து விகிதம் குறையும், பிரீமியமும் இறங்கும். காப்பீடு நிறுவனத்துக்கும் பென்ஷன் செலவு மிச்சம். விரலுக்குச் சொந்தக்காரருக்கோ, பென்ஷனால் திருப்பித் தர முடியாத ஒன்று மிஞ்சுகிறது.

1914ஆம் ஆண்டு அறிக்கையில் கல்குவாரிகளை எடுத்துக்கொண்டார். இந்த முறை புகைப்படங்களோடு. தலைக்கு மேல் தொங்கும் பாறை, அள்ளாமல் குவிந்து கிடக்கும் இடிபாடு, இவற்றுக்கு நடுவே வேலை செய்யும் மனிதர்கள். போதாக்குறைக்கு வேலை நேரத்தில் புழங்கும் சாராயம்.

அவரே முதலாளி ஆனபோது

இந்த இடத்தில் கதை திரும்புகிறது. 1911 டிசம்பரில் காஃப்காவே ஒரு தொழிற்சாலையின் பங்குதாரர் ஆனார்.

தங்கை எல்லியின் கணவர் கார்ல் ஹெர்மன் ஆரம்பித்த ஆஸ்பெஸ்டாஸ் கம்பெனி அது. பிராக்கின் ஷிஷ்கோவ் பகுதியில் சின்ன ஆலை. அப்பா பணம் கொடுத்தார், காஃப்கா கையெழுத்துப் போட்டார். காலையில் தொழிலாளர் பாதுகாப்பு ஆபீஸ், மத்தியானம் சொந்த ஆலையை மேற்பார்வை பார்க்கணும் என்று வீட்டில் நெருக்கடி. மோட்டார் வைத்து ஓடும் ஆலை என்பதால் சட்டப்படி அதுவும் விபத்துக் காப்பீட்டுக்கு உட்பட்டதுதான்.

அங்கே வேலை பார்த்த பெண்களைப் பற்றி 1912 பிப்ரவரியில் டைரியில் எழுதியிருக்கிறார். தூசு படிந்த உடம்பு, ஓயாத மெஷின் இரைச்சல், யாரும் அவர்களுக்கு வணக்கம்கூடச் சொல்வதில்லை. சாயங்காலம் மணி அடித்து, தூசைத் தட்டி, முகம் கழுவி, உடை மாற்றிக் கிளம்பும்போதுதான் அவர்கள் மறுபடியும் மனுஷிகளாகத் தெரிகிறார்கள். பார்த்தது இவர்தான், பங்குதாரரும் இவர்தான். அங்கே என்ன மாற்றினார்? எனக்குத் தெரிந்து எதையும் பெரிதாக மாற்றவில்லை. ஆலைக்குப் போவதைத் தவிர்ப்பதில்தான் அவர் கவனம் இருந்தது. அடுத்தவர் பட்டறையில் தண்டின் மூலையை அளந்தவர், தன் ஆலைத் தூசுக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவர் மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும் இதைச் சொல்லித்தான் ஆகணும்.

1912 அக்டோபரில் நிலைமை முற்றியது. கார்ல் வெளியூர் போயிருந்தார். ஆலையைப் போய்ப் பார் என்று அம்மா சொன்னார். எப்போதும் இவர் பக்கம் நிற்கும் கடைசித் தங்கை ஓட்லாவும் அன்றைக்கு அம்மாவோடு சேர்ந்துகொண்டார். அப்போதுதான் 'தீர்ப்பு' கதையை ஒரே ராத்திரியில் எழுதி முடித்து, எழுத்து பொங்கி வந்துகொண்டிருந்த நேரம். ஜன்னல் வழியாகக் குதித்துவிடலாமா என்ற யோசனை வரை போய், அதை நண்பர் மாக்ஸ் பிராடுக்குக் கடிதமாக எழுதினார். பிராட் பதறிப்போய் காஃப்காவின் அம்மாவுக்குத் தகவல் சொன்னார். அப்பாவுக்குத் தெரியாமல் ஆலையைப் பார்த்துக்கொள்ள அம்மா வேறு ஏற்பாடு செய்தார். அதற்கு அடுத்த மாதம் ஆரம்பித்ததுதான் 'உருமாற்றம்'. வேலைக்குப் போக முடியாமல் கிடக்கும் கதாநாயகனின் முதல் கவலைகளில் ஒன்று என்ன தெரியுமா? முதலாளி, காப்பீட்டு டாக்டரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடுவாரே என்பது.

போர் வந்ததும் மூலப்பொருள் இல்லாமல் ஆலை படுத்தது. 1917ல் மூடினார்கள். ஆஸ்பெஸ்டாஸ் தூசு நுரையீரலை என்ன செய்யும் என்பது அன்றைய காப்பீட்டுக் கணக்கில் இல்லவே இல்லை. விபத்து என்றால் நொடியில் நடப்பது. மெல்லக் கொல்வதற்கு வகுப்பு கிடையாது. ஆஸ்பெஸ்டாஸ் ஆலையில் வேலை பார்த்து இறந்துபோன ஓர் ஆங்கிலேயப் பெண்ணின் நுரையீரல் பற்றிய கட்டுரை, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது 1924ல்தான். காஃப்கா இறந்த அதே வருடம்.

நல்ல ஊழியர்

ஆபீசை அவர் வெறுத்தார் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். டைரியும் கடிதமும் அப்படித்தான் புலம்புகின்றன. ஆனா பதவி உயர்வுகள் வேறு கதை சொல்கின்றன. தற்காலிக ஊழியராகச் சேர்ந்தவர் 1910ல் நிரந்தர அதிகாரி, 1913ல் துணைச் செயலாளர், 1920ல் செயலாளர், 1922ல் முதுநிலைச் செயலாளர். 1910ல் பதவி உயர்வுக்கு நன்றி சொல்லப் போன இடத்தில், தலைவர் முன்னால் அடக்க முடியாமல் சிரித்துத் தொலைத்திருக்கிறார். அப்படியும் வேலை போகவில்லை. 1912 டிசம்பரில் சம்பள உயர்வு கேட்டு அவர் கொடுத்த மனுவும் ஒரு மாதிரி காஃப்கா படைப்புதான். மற்ற அலுவலகங்களில் என்ன சம்பளம் என்று ஒப்பிட்டு விவரமாக வாதாடியிருந்தார். அப்ரைசல் சீசனில் நமக்கும் உதவும்.

1913 செப்டம்பரில் வியன்னாவில் மீட்புப் பணி, விபத்துத் தடுப்புக்கான சர்வதேச மாநாடு நடந்தது. மேடையில் பேசியவர்கள் மேலதிகாரிகள். பேச்சைத் தயாரித்துக் கொடுத்தவர் காஃப்கா.

முதல் உலகப் போரில் அவர் ராணுவத்தில் சேர விரும்பினார். அவர் இல்லாமல் வேலை நடக்காது என்று சொல்லி நிறுவனம் விடவில்லை. போரில் கை கால் இழந்து, மனம் உடைந்து திரும்பிய சிப்பாய்களின் மறுவாழ்வுப் பணி நிறுவனத்தின் தலையில் விழுந்தது. போர் அதிர்ச்சியில் உடம்பு நடுங்கிக்கொண்டே தெருவில் திரிந்தவர்களுக்கு வட போஹிமியாவில் ஒரு நரம்பியல் மருத்துவமனை வேண்டும் என்று 1916ல் பொதுமக்களிடம் நிதி கேட்டு வெளியான அறிக்கைகளை எழுதியவரும் காஃப்காதான்.

அடிபட்ட தொழிலாளர்கள் நிறுவனத்துக்கு வந்து பணிவோடு கேட்டு நிற்பதைப் பார்த்து அவர் ஆச்சரியப்பட்டதாக பிராட் பிற்பாடு எழுதினார். கட்டடத்தை அடித்து நொறுக்க வேண்டியவர்கள் இப்படிக் கைகட்டி நிற்கிறார்களே என்பது அந்த ஆச்சரியம்.

கடைசி வருடங்கள்

1917 ஆகஸ்டில் ஒரு ராத்திரி வாயில் ரத்தம். காசநோய். அதற்குப்பிறகு நீண்ட விடுப்பு, கொஞ்ச நாள் வேலை, மறுபடியும் விடுப்பு என்று ஓடியது. 1918ல் பேரரசு உடைந்து செக்கோஸ்லோவாக்கியா பிறந்தது. ஜெர்மன் மொழியில் இயங்கிய நிறுவனம் செக் மொழிக்கு மாறியது. மார்ஷ்னர் உட்பட ஜெர்மன் அதிகாரிகள் வெளியேற்றப்பட்டார்கள். செக் மொழி தெரிந்த, யாரோடும் பகை இல்லாத காஃப்காவைப் புது நிர்வாகம் வைத்துக்கொண்டது. விடுப்புக் கடிதங்களை செக்கில் பிழையில்லாமல் எழுத ஓட்லாவின் கணவர் உதவினார்.

1922 ஜூலை 1 அன்று பென்ஷனோடு ஓய்வு பெற்றார். வயது 38. அடுத்த வருடம் டோரா டியாமன்ட் என்ற பெண்ணோடு பெர்லினில் குடியேறினார். ஜெர்மனியில் விலைவாசி மணிக்கு மணி ஏறிய காலம் அது. 1924 ஜூன் 3 அன்று வியன்னாவுக்குப் பக்கத்தில் கீர்லிங் என்ற ஊரின் சானடோரியத்தில் இறந்தார். கையெழுத்துப் பிரதிகளை எரித்துவிடச் சொல்லியிருந்தார். பிராட் எரிக்கவில்லை. 'விசாரணை' 1925லும் 'கோட்டை' 1926லும் வெளிவந்தன. மூன்று தங்கைகளும் பின்னாளில் நாஜிகளின் யூதப் படுகொலையில் பலியானார்கள்.

ஆபீசுக்காக எழுதியவை எரிக்கும் பட்டியலில் இல்லை, அவை நிறுவனத்தின் அலமாரியில் இருந்தன. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் ஆய்வாளர்கள் அவற்றைத் தேடி எடுத்து நூலாகத் தொகுத்தார்கள். இணையத்தில் சுற்றும் ஒரு தகவலையும் இங்கே சரிசெய்துவிடலாம். தொழிலாளர் ஹெல்மெட்டைக் கண்டுபிடித்தவர் காஃப்கா என்று ஃபார்வர்டு வரும். மேலாண்மை எழுத்தாளர் பீட்டர் டிரக்கர் சொன்னது அது. அதற்கு ஆதாரம் எதுவும் கிடைத்ததில்லை. பிளானர் மெஷின் கட்டுரைக்கு இருக்கிறது.

நம் ஊரில்?

காஃப்கா இறந்து 28வது நாள், 1924 ஜூலை 1 அன்று, இந்தியாவில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1923ல் நிறைவேறிய சட்டம் அது. ஆஸ்திரியா போல பொது நிதி இல்லை, இழப்பீட்டுப் பொறுப்பு நேராக முதலாளி மேல். காப்பீட்டு முறை 1948ல் இஎஸ்ஐ சட்டத்தோடு வந்தது. இரண்டுமே இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டுவிட்டன.

இஎஸ்ஐக்கு 2019 ஜூலையில் நிர்ணயித்த விகிதம், சம்பளத்தில் முதலாளி 3.25 சதவீதம், ஊழியர் 0.75 சதவீதம். இதில் ஆபத்து வகுப்பு கிடையாது. பட்டாசு ஆலைக்கும் ஐடி கம்பெனிக்கும் ஒரே விகிதம்தான். இஎஸ்ஐக்குள் வராத ஊழியர்களுக்காக முதலாளிகள் எடுக்கும் இழப்பீட்டு பாலிசியில் மட்டும் பழைய பிராக் கணக்கு அப்படியே இருக்கிறது. விண்ணப்பத்தில் என்ன தொழில், எத்தனை பேர், மொத்தச் சம்பளம் எவ்வளவு என்ற கட்டங்கள் இருக்கும். சம்பளத்தைக் குறைத்து எழுதினால் பிரீமியம் குறையும். கிளெய்ம் வரும் நாளில் அந்தக் கட்டத்தைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்பார்கள்.